ரோஷன் பீயின் பல்வலி

பாப்பாரப்பட்டி புளிக்கடை தஸ்தகீர் பாய் கல்யாணமான நாளிலிருந்து தன் வீட்டுக்குள் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததில்லை. பேசுவதற்கு ரோஷன் பீ இருந்தாள். கிருஷ்ணகிரியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வந்த அன்றைக்கே, பிரியாணியில் அரிசி குழைந்துவிட்டது என்று சமையல்காரரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்ட மகராசி. அவள் வைகிற சத்தம் சந்தை முக்கு வரைக்கும் கேட்கும். வைதுகொண்டே சமைப்பதால் உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் இன்னொரு கை அள்ளிப் போட்டுவிடுவாள். அதையே தின்று பழகிய தஸ்தகீர், வெளியூர் ஓட்டலில் சாப்பிட்டால், "என்னப்பா, உப்பே இல்ல?" என்று சண்டைக்குப் போவார்.

அந்த வாய்க்குச் சரியான தீனி ஓர் ஆடு. பக்ரீத்துக்குக் குர்பானி கொடுப்பதற்காகக் குட்டியிலேயே வாங்கி வீட்டில் வளர்த்த கிடா. நவாப் என்று பேர் வைத்தவளும் அவள்தான், நாள் முழுக்க வைதவளும் அவள்தான். "அடேய் நவாபு, அது என்ன உங்கப்பன் வூட்டுச் சொத்தாடா?" என்று விடியும்போதே ஆரம்பித்துவிடுவாள். அது கொடியில் காய்கிற துணியைத் தின்னும். புளியங்கொட்டையைத் தின்னும். சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளின் அவரைக் கொடியை மொட்டையடிக்கும். கோவிந்தம்மாள் சண்டைக்கு வந்தால் ரோஷன் பீ ஆட்டுக்கு வக்காலத்து வாங்கி வெளுத்து வாங்குவாள். பிறகு உள்ளே வந்து அதே ஆட்டை விளக்குமாற்றால் ஒரு சாத்து சாத்திவிட்டு, வாழைப்பழத் தோலை ஊட்டிவிடுவாள். தஸ்தகீரும் லேசுப்பட்டவர் இல்லை. கடையடைத்து வரும்போது சட்டைப் பையில் ஒரு கைப்பிடி புளியந்தழை இல்லாமல் வரமாட்டார்.

அறுபத்தெட்டாம் வருஷம் பக்ரீத் வந்தது, நவாப் போனது. கறியை முறைப்படி மூன்று பங்காக்கி ஏழைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். கோவிந்தம்மாள் வீட்டுக்கும் ஒரு தூக்குப் போனது. எல்லா வேலையையும் ரோஷன் பீதான் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும், "எனக்குப் பல்லு வலிக்குது. நீங்க சாப்புடுங்க" என்றாள்.

அதோடு வீட்டில் சத்தம் நின்றது.

தஸ்தகீருக்குத் தலைகால் புரியவில்லை. "என் வூட்ல இப்ப கடியாரம் ஓடற சத்தம் கேக்குதுய்யா!" என்று டீக்கடை மாதேஸ்வரனிடம் பீற்றிக்கொண்டார். குழம்பில் உப்புக்கூட அளவாக இருந்தது. அதுதான் அவருக்கு ஒருமாதிரி இருந்தது. எதுவோ குறைகிறதே என்று நாக்கு தேடியது.

ஒரு நாள் கோவிந்தம்மாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏன் பாய், பாயம்மாவுக்கு என்மேல என்னா கோவம்?"

"கோவமா? அவ ஒண்ணும் சொல்லலியே."

"அதைத்தான நானும் கேக்கறேன்! வேணும்னே குப்பையை உங்க வூட்டுப் பக்கம் தள்ளினேன். ஒரு வார்த்த கேக்கல. அவங்களே கூட்டி அள்ளிட்டாங்க. எனக்குச் சோறு எறங்கல பாய்."

எப்படியாவது அவளை வைய வைத்துவிடுவது என்று தஸ்தகீர் முடிவு கட்டினார். அன்றைக்குச் செருப்போடு சமையற்கட்டுக்குள் போய் நின்றார். ரோஷன் பீ பேசாமல் தரையைத் துடைத்தாள். மறுநாள் பொறுக்கிப் பொறுக்கிச் சொத்தைக் கத்தரிக்காயாக வாங்கி வந்து கொட்டினார். புழுவை வெட்டி எறிந்துவிட்டுச் சமைத்தாள். வேறு காலமாக இருந்தால் அந்தக் கத்தரிக்காய் ஒவ்வொன்றும் அவர் தலையில் விழுந்திருக்கும். சாப்பாட்டுக்கப்புறம் வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனவள், நவாபைக் கட்டியிருந்த வெறும் முளைக்குச்சி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தோலை வீசி எறிந்தாள். அதையும் பார்த்தார் மனுஷன். பார்த்து என்ன புரிந்துகொண்டார்? பல்வலி முற்றி மூளைக்கு ஏறிவிட்டது என்று! மறுநாளே அவளை பஸ் ஏற்றித் தருமபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பல் டாக்டர் நல்ல மனுஷர். வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இதாம்மா?"

"ஆமா."

"இது?"

"அதும்தான்."

"எதைத் தட்டுனாலும் வலிக்குதுங்கறீங்க. ஒண்ணுகூடச் சொத்தை இல்லியேம்மா. கல்லையே கடிக்கலாம்."

"எதையாச்சும் ஒண்ணப் புடுங்கி வுட்ருங்க டாக்டர்" என்றாள் ரோஷன் பீ. சொல்லும்போதே பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. டாக்டர் குறடை இன்னும் கையிலேயே எடுக்கவில்லை. இப்போது கட்டிக்கொடுத்துவிட்ட இரண்டு மகள்களைப் பெற்றபோதுகூட அழாதவள் அவள். மருத்துவச்சியை வைதுகொண்டே பெற்றவள். தஸ்தகீருக்கு அப்போதுதான் அந்த முளைக்குச்சியும் வாழைப்பழத் தோலும் மண்டையில் உறைத்தது. அட முட்டாளே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"டாக்டர், பல்லு இல்லீங்க. ஆடு" என்றார்.

"ஆடா?" டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"குர்பானி குடுத்த ஆடுங்க. ஏன் ரோஷனு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்லுவேன்?" என்று விம்மினாள். "அல்லாவுக்குன்னு குடுத்துட்டு அழுதா, அவன் ஏத்துக்க மாட்டானோன்னு பயம். அழுகை வந்தா பல்லக் கடிச்சிக்குவேன்."

"பைத்தியமே! ஆசயா வளத்ததைத்தான குடுத்தோம். வேண்டாததையா குடுத்தோம்? அவனுக்குத் தெரியாதா?" ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்துவிட்டோம் என்று தஸ்தகீருக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது.

ரோஷன் பீ முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னைச் சொல்றீங்களே, நீங்க? தெனம் உங்க சட்டையத் தொவைக்கறேன். பையில இன்னமும் புளியந்தழை கெடக்குது. யாருக்குப் பறிச்சிக்கிட்டு வரீங்க?"

தஸ்தகீரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. காலையில் பஸ்ஸுக்கு வரும்போது பறித்ததும் அங்கேதான் வாடிக் கிடந்தது. அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"நீங்க அழுதுடுவீங்கன்னுதான் நானும் வாயத் தொறக்கல" என்றவள், அடுத்த மூச்சிலேயே குரலை உயர்த்தினாள். "அதுக்காவ வெள்ளச் சட்டையெல்லாம் பச்சக் கறையா ஆக்கி வச்சிருக்கீங்களே! சவுக்காரம் என்ன சும்மாவா வருது? நல்ல பல்லப் புடுங்கறதுக்கு டாக்டர் வூடு ஒரு கேடா? அந்தக் கத்தரிக்காய எவன்யா உங்க தலையில கட்டினான்?"

"அம்மா, வெளியில ஆளுங்க காத்திருக்காங்க" என்றார் டாக்டர் பணிவாக.

பாப்பாரப்பட்டி வரைக்கும் பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. கண்டக்டர் ஒருதரம் திரும்பிப் பார்த்து, "பாய், பாவம்யா நீ" என்றார். தஸ்தகீர் ஜன்னலோரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஊர் வந்து சேர்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டுக் கோவிந்தம்மாள் தெருவுக்கே ஓடி வந்துவிட்டாள். "உன் அவரைக் கொடி என் சுவத்து மேல ஏறுது, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று ரோஷன் பீ கேட்டதும் அவள் முகம் மலர்ந்துபோய், "ஏறினா என்னா?" என்று இடுப்பில் கையை வைத்தாள்.

சண்டை முடிந்து சாப்பாடு ஆக நேரமாகிவிட்டது. குழம்பை வாயில் வைத்தார் தஸ்தகீர். உப்புக் கரித்தது. இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றச் சொன்னார்.