காதோரப் பீடி

புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அவருக்கு நரைத்த கிருதா, காதோரம் பற்றவைக்காத ஒரு பீடி. ஒவ்வொரு வேகத்தடையிலும் கை காதுக்குப் போய், பீடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்.

“பீடிய வுட்டு இருவது நாளு ஆயிருந்துச்சு அண்ணாத்த. டாக்டரு குடுத்த நிகோடின் சூயிங்கம்ம மென்னுகினே ஓட்டுனேன். பேப்பர்ல ‘நிகோடின் எமன்’னு கொட்ட எழுத்துல போட்டுட்டானுங்க. வூட்டுக்காரி பாத்துட்டு, கம்மு டப்பாவ குப்பையில கடாசிட்டா.”

“பீடிக்கட்டு?”

“அத்த வுட்டுட்டா. அதுமேல நிகோடின்னு எழுதலியே!”

எனக்குச் சிரிப்பு வந்தது. “நியூஸு இ-சிகரெட்டப் பத்தித்தானே?”

“உள்ள அப்டித்தான் கீது. உள்ள யாரு படிக்கிறா? அந்தத் தலைப்பு வச்சவன் கையில மாட்டட்டும், இந்தப் பீடிய அவன் வாயில சொருவி நானே கொளுத்துறேன்.”

இறங்கும்போது கேட்டார்: “நீங்க இன்னா வேல பாக்கறீங்க அண்ணாத்த?”

அந்தத் தலைப்பை வைத்தவன் நான்தான். ‘இ-சிகரெட்’ என்று சேர்த்துப் போட அன்று இடம் போதவில்லை.

“வாத்தியார்” என்று சொல்லி நழுவினேன். இப்போதும் தலைப்பைச் சுருக்கும்போதெல்லாம் என் ஒரு கை தானாகவே வாயைப் பொத்திக்கொள்கிறது.