உப்புப் பார்க்காத ஒரு வருஷம்

எங்கள் வீட்டில் மஞ்சள் நிறத்தை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரர் பழவங்காடியில் நேந்திரங்காய் வறுவல் கடை வைத்திருந்தார். உப்பேரி என்றால்தான் இங்கே எல்லாருக்கும் புரியும். தோல் உரித்த காயை மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்துச் சீவுகிற வேலை; அதனால் அவருடைய விரல்கள் வருஷம் முழுக்க மஞ்சள்தான். நானோ நாகர்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். திருவனந்தபுரத்தில் எத்தனை வருஷம் இருந்தும் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. துண்டு, தலையணை உறை, ஜாக்கெட் கழுத்து எல்லாம் மஞ்சள். தொண்ணூறுகளின் கடைசியில் என் உடம்பில் வேறொரு மஞ்சள் வந்து சேர்ந்தபோது, அதைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லாமல் போனது இப்படித்தான்.

முதலில் வந்தது அரிப்பு. உள்ளங்கையில், உள்ளங்காலில், பிறகு கை எட்டாத முதுகில். தோலில் ஒரு தடிப்போ சிவப்போ கிடையாது. சொறியச் சொறிய உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். சோப்பை மாற்றினேன். அவர் என் நைலான் சேலையைக் குற்றம் சொன்னார். நான் அவருடைய எண்ணெய்ச் சட்டையைக் குற்றம் சொன்னேன். நாலு பாத்திரம் தேய்த்தால் உட்கார்ந்துவிடுகிற அளவுக்கு அசதி வேறு. "ராணிக்கு இன்னைக்கு என்ன வேலை?" என்று அவர் கேலி செய்வார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் எழுந்து சண்டை போடத் தெம்பு இருக்காது.

ஒருநாள் காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சேச்சி என்னைப் பார்த்து, "மஞ்ஞள் கண்ணிலும் தேச்சோ?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டை விரலால் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

காமாலை என்றதும் அவருக்குப் பாதி நிம்மதி. அது அவருக்குத் தெரிந்த நோய். கீழாநெல்லி, மோர், உப்பில்லாப் பத்தியம், நாற்பத்தொரு நாள், முடிந்தது. தினமும் விடியற்காலையில் கீழாநெல்லியைத் தேடிப் பறித்து வந்து அவரே அரைத்துக் கொடுத்தார். அரைத்த கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், குடித்ததும் வெளுத்துவிடும் என்பதுபோல.

"எல்லாம் நான் கொண்டுவந்து தந்த உப்பேரியாலதான், கேட்டியா," என்றார் ஒருநாள். கல்யாணமான நாள் முதலே கடையடைத்து வரும்போது காகிதத்தில் ஒரு பொட்டலம் எனக்கென்று கொண்டுவருவார். அதுதான் என் ஈரலைக் கெடுத்தது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். நேரே பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் போய்த் தேங்காய் உடைத்து, எனக்கு நோய் சுத்தமாக மாறுகிறவரை எண்ணெயில் பொரித்த எதையும் வாயில் வைப்பதில்லை என்று நேர்ந்துகொண்டு வந்தார். காலை முதல் சாயங்காலம்வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற மனுஷன்!

நாற்பத்தொரு நாளும் கடந்தது. மஞ்சள் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் ஈரலில் துளி சதை எடுத்தார்கள். முடிவு சொன்ன அன்று அவர் மருந்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்தி மலையாளத்தில் சொன்னார். ஈரலுக்குள் பித்தம் ஓடுகிற சின்னச் சின்னக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டுக்கொண்டு வருகின்றன. நான் தின்ற உப்பேரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரை ஆயுசு முழுக்க.

"இது மாறுன்ன அசுகம் அல்ல, சேச்சி. பக்ஷே கொண்டு நடக்காம்," என்றார்.

குணமாகிற நோய் இல்லை, ஆனால் சுமந்துகொண்டே நடக்கலாம். அதை நான் எனக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன். கையில் மருந்துப் பையோடு அவர் ஓடிவந்தார்.

"எப்பம் மாறுமாம்?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? "கொஞ்ச நாள் ஆவுமாம்," என்றேன்.

அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷமாக நீண்டது. மாத்திரையில் மஞ்சள் குறையும், பிறகு தலைகாட்டும். அரிப்பு மட்டும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் என் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்துவிடுவார். "புலி வளக்கேன் வீட்டில," என்று சொல்லிக்கொண்டே என் நகங்களை ஒட்ட வெட்டுவார். காலையில் வாசல் வெளிச்சத்தில் என்னை நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்து, "இன்னைக்கு நல்லா வெளுத்திருக்கு," என்று பொய் சொல்வார். பத்துத் தடவையாவது உண்மையைச் சொல்ல வாயெடுத்து விழுங்கியிருக்கிறேன். அவர் உடைந்துபோவார் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன்: அவர் நம்பிக்கொண்டிருந்தவரை நானும் கொஞ்சம் நம்பினேன். எனக்கு அது வேண்டியிருந்தது.

ஆனால் கடை நம்பவில்லை. காயைச் சீவி எண்ணெயில் விட்டு, பாதி வெந்ததும் உப்புத் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றுவார்கள். எண்ணெய் சீறும். சீறல் அடங்கினால் பதம். மொறுமொறுப்பைக் காது சொல்லிவிடும். உப்பை நாக்குதான் சொல்லவேண்டும். ஒவ்வொரு சட்டிக்கும் ஒன்றை எடுத்து ஊதிக் கடித்துப் பார்த்துதான் அவர் அடுத்ததற்கு உப்புத் தண்ணீரைச் சரிசெய்வார். நேர்ச்சைக்குப் பிறகு அது இல்லை. வேறொருத்தர் நாக்கை நம்புகிற ஆளும் இல்லை. ஆரம்பத்தில் கைக்கணக்கு ஒப்பேற்றியது. போகப் போகக் கையும் மறந்துவிட்டது.

அடுத்த ஓணத்துக்கு நாலு நாள் இருந்தது. கூட்டம் நெரியுமே என்று நான் கடைக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாக வாங்குகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் வந்து, காலையில் வாங்கிய பொட்டலத்தைத் திருப்பி வைத்தார்.

"கழிஞ்ச ஆழ்ச்ச உப்பில்ல. இந்நு உப்பே உள்ளூ," என்றார். போன வாரம் உப்பே இல்லையாம், இன்றைக்கு உப்பு மட்டும்தான் இருக்கிறதாம். கோபம்கூட இல்லை, வருத்தம்தான். ஓணத்துக்கு வேறு கடையில் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் மஞ்சள் விரலால் பொட்டலத்தைப் பிரித்து, தின்ன முடியாத தன் சரக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு துண்டை எடுத்து அவர் வாயருகே நீட்டினேன்.

"தின்னுங்க."

"ஏட்டி, நேர்ச்சை!"

"இது மாறாதுங்க. டாக்டரம்மா அன்னைக்கே சொல்லியாச்சு. சாவுற வரைக்கும் கூடத்தான் இருக்குமாம். உங்க உப்பேரியால வந்ததும் இல்ல. நான்தான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அவர் அடுப்பை அணைத்தார். ஒரு வருஷம் என்னை வாயைக் கட்டவைத்தாயே, என் தொழிலைக் கெடுத்தாயே என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தித் தீர்த்திருப்பேன்.

"ஒரு வருஷமா இதை நீ ஒத்தைக்கா கொண்டு நடந்த?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சொன்ன அந்தக் 'கொண்டு நடக்காம்' என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவே இல்லை. அந்த வார்த்தை எப்படி அவர் வாயில் வந்தது என்று தெரியவில்லை. பொட்டலக் காகிதத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அவர் கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். நெற்றியில் விபூதி.

"பிள்ளையார்ட்ட என்ன சொன்னீங்க?"

"நேர்ச்சையை மாத்தியாச்சு. மாறாட்டா மாறண்டாம், இவ கூட இருந்தா போதும்னு சொன்னேன்."

பிறகு சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, சூடே இல்லாததை வழக்கம்போல ஊதி, கண்ணை மூடிக் கடித்தார். முகம் கோணியது.

"அய்யே! இதையா ஊருக்கெல்லாம் வித்தேன்?" என்று அலறிவிட்டு, மிச்சத்தை மொத்தமாகக் குப்பையில் கொட்டினார். புதுக் காயை உரிக்கத் தொடங்கினார். அடுத்த சட்டி இறங்கியதும் ஒன்றை எடுத்து ஊதி, பாதியைக் கடித்து உப்புப் பார்த்துவிட்டு, மீதிப் பாதியை என் கையில் வைத்தார்.