காலியாக வைக்கும் கால்

1. அவசரக்காரிக்குக் கிடைத்த வேலை

விளக்கு எரிந்த பிறகும் லிஃப்ட் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்குகிற ஆள் நான். "இட்லி வேகற வரைக்குமாச்சும் உனக்குப் பொறுமை இருக்குதா?" என்று என் கணவர் கேட்பார். இருந்ததில்லை. பாதி வெந்த இட்லியை அவர் பலமுறை சாப்பிட்டிருக்கிறார், பாவம்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக என் சர்வீஸ் முழுவதும் ஓடிவிட்டது. அதன் கடைசிக் கட்டத்தில் என்னைத் தாய்ச்சி சொல்லிக்கொடுக்கப் போட்டார்கள். விழுந்து அடிபட்டுத் தேறியவர்கள் மறுபடி விழாமலிருக்க ஒரு பேலன்ஸ் கிளாஸ். யாங் ஸ்டைல் என்ற பழைய சீன முறை. கையில் ஒன்றுமில்லாமல், ஓர் அசைவிலிருந்து அடுத்த அசைவுக்கு நிற்காமல், மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த முழுத் தொடரையும் ஃபார்ம் என்போம். என்னைப் பயிற்சிக்கு அனுப்பும்போதே எங்கள் சீனியர் டாக்டர் சிரித்தார்.

"பேஷண்ட் தேறறாங்களோ இல்லீங்களோ மேடம், நீங்க தேறிருவீங்க."

முதல் நாள், பழக்கதோஷத்தில் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஃபார்மில் எண்ணிக்கையே கிடையாது. மூச்சிரைத்த பெரியவர் ஒருவர், "ஏனுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

2. குரங்கை விரட்டுவது எப்படி

அந்த வகுப்பில் என்னைவிட அவசரக்காரி ஒருத்தர் இருந்தார். பல்லடம் பக்கத்துப் பழனியம்மாக்கா. கணவர் போன பிறகு விசைத்தறி ஷெட்டைத் தனியாக ஓட்டியவர். அறுந்த இழையை முடிச்சுப்போடத் தறிக்கும் தறிக்கும் நடுவில் ஓடியே பழகிய கால்கள். அப்படி ஓடும்போதுதான் எண்ணெய்த் தரையில் வழுக்கித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். கம்பி வைத்து, தேறி, எங்களிடம் வந்திருந்தார்.

மகன் செந்திலுக்குப் பெங்களூரில் வேலை. தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசியில் இருவருக்கும் ஓர் உடன்பாடு ஆனது. சில மாதம் வகுப்பில் பழகிய பிறகு செந்தில் நேரில் வந்து பார்ப்பார். அம்மாவின் கால் தடுமாறினால் அன்றைக்கே பெங்களூருக்குக் கூட்டிப் போய்விடுவார்.

"சும்மா பேத்தியப் பாத்துட்டு வரலாமில்லீங்க்கா?" என்று கேட்டேன்.

"ஒருக்கா அந்த ஊட்டுல காலை வெச்சுப்போட்டனா அப்பறம் உடமாட்டாங்க அம்மணி. நான் திரும்பி வாரப்ப ஷெட்டு இருக்காது." அந்தப் பயத்தில் அவர் பேத்தியின் காதுகுத்துக்குக்கூடப் போகவில்லை.

ஃபார்மில் குரங்கை விரட்டுவது என்று ஓர் அசைவு உண்டு. கையை முன்னால் தள்ளிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போக வேண்டும். பழனியம்மாக்கா அங்கே வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க, கொரங்கு வந்தா கல்லெடுத்து அடிக்கோணும். நாம எதுக்குப் பின்னால போறது? முன்ன வெச்ச காலைப் பின்ன வெக்கற பழக்கம் எங்க குடும்பத்துலயே இல்லீங்க."

"அந்தப் பழக்கம் இல்லாமத்தான் தொடை ஒடஞ்சுதுங்க்கா."

வாய் முந்திக்கொண்டது. அவர் என்னை முறைத்தார். பிறகு, "சரி, சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் காலை மட்டும் முதலில் வை, உடம்பின் கனத்தை வைக்காதே. தரை சரியாக இருந்தால் கனத்தை மாற்று. சரியில்லை என்றால் காலை எடுத்துக்கொள். கனம் போகாத காலைக் காலிக்கால் என்போம். அவசரக்காரர்கள் பாதம் தரையைத் தொடும் முன்பே உடம்பை அதன்மேல் போட்டுவிடுவார்கள், விழுவார்கள்.

பழைய செய்தித்தாள் துண்டொன்றை அவர் கால் வைக்கும் இடத்தில் போட்டு, பாதம் பட்டதும் இழுப்பேன். கால் காலியாக இருந்தால் தாள் முழுசாக வரும். வாரக்கணக்கில் கிழிந்த தாளாகவே வந்தது. ஒரு நாள் முழுசாக வந்தது. அவர் அதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

3. செந்தில் வந்த நாள்

செந்தில் சுவரோரம் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஃபார்ம் பாதி தாண்டியபோது, யாரோ சரியாக மூடாத தண்ணீர் பாட்டில் சரிந்து டைல்ஸில் ஒழுகியிருந்ததைப் பார்த்தேன். பழனியம்மாக்காவின் வலது கால் அதற்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓடினேன். எட்டாது என்று தெரிந்தே ஓடினேன்.

குதிகால் தண்ணீரைத் தொட்டது. சர்ரென்று வழுக்கவும் செய்தது. ஆனால் அதில் கனம் இல்லை. பழனியம்மாக்கா அந்தக் காலை நிதானமாகத் திரும்ப எடுத்தார், ஒரு சாண் தள்ளி உலர்ந்த இடத்தில் வைத்தார், மேலே செய்துகொண்டு போனார். கை அசைவுகூட அறுபடவில்லை. பதறி ஓடிய நான்தான் அந்தத் தண்ணீரில் வழுக்கி, செந்திலின் நாற்காலியைப் பிடித்துத் தப்பித்தேன்.

வகுப்பு முடிந்ததும் செந்தில் அம்மாவிடம் போனார். "சரிங்கம்மா. நீங்க ஊட்டுலயே இருங்க. நான் இனி ஒண்ணும் சொல்லலீங்க" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஜெயித்த பழனியம்மாக்காவின் முகம் மலரும் என்று பார்த்தேன். மலரவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில எடமிருக்குதா கண்ணு?"

"ஏனுங்கம்மா?"

"கொஞ்ச நாளைக்கு வாரேன். காலை மட்டும் வெச்சுப் பாக்கறேன். ஒத்துவரலீனா எடுத்துக்குவேன். ஷெட்டுச் சாவி என்ற மடியிலதான் இருக்கும்."

செந்தில் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

4. வகுப்பு திரும்பும் இடம்

வகுப்புக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிப் போன நாளில் பழனியம்மாக்கா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் போட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். லாரியில் பழைய இரும்பு ஏற்றிப் போவதைப் பார்த்தால் அவர் தறிதானோ என்று எட்டிப் பார்த்தேன். வகுப்பில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நான்தானே அவருக்குக் காலை வைக்கச் சொல்லிக்கொடுத்தவள்!

நான் முன்னால் முதுகு காட்டி நிற்பேன், வகுப்பு என்னைப் பார்த்துச் செய்யும். ஃபார்மின் நடுவில் எல்லோரும் பின்பக்கமாகத் திரும்பிவிடுவோம். அப்போது கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும், அவர்களுக்குப் பார்த்துச் செய்ய ஆள் இருக்காது. அதனால் கடைசியில் நிற்க எல்லோருக்கும் பயம். பழனியம்மாக்காவும் நடுவில்தான் ஒளிவார்.

ஒரு காலை, வழக்கம்போல் வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினோம். எல்லோருக்கும் முன்னால், கதவோரம், தெரிந்த முதுகு ஒன்று. சுங்குடிச் சேலைக்குக் கீழே புத்தம்புது ஸ்போர்ட்ஸ் ஷூ. எப்போது வந்து நின்றாரோ தெரியாது. சந்தோஷத்தில் என் கை கால் இன்னும் வேகமெடுத்தன. ஆனால் வகுப்பு இப்போது என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தது. அவர் காலை வைத்தார். காத்திருந்தார். பிறகுதான் கனத்தை மாற்றினார். எனக்கு வேறு வழியில்லை, நானும் காத்திருந்தேன்.

ஃபார்ம் முடிந்ததும் பக்கத்தில் போனேன். "என்னங்க்கா, ஷெட்டு?"

"ஓடுது. பேத்திக்குப் பரீச்சையிங்க, அதான் இருந்து பாத்துட்டு வந்தேன். தீவாளிக்கு மறுக்காப் போகோணும்." இடுப்பில் செருகிய சாவியைத் தட்டிக் காட்டினார். "போன தடவ சும்மா தொட்டுத்தான் பாத்தேன். இந்தத் தடவ கொஞ்சம் கனம் வெக்கலாமுன்னு இருக்கறேன்."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பேஷண்டை முன்னால் நடக்க வைத்தால் மட்டும் போதாது. வைத்த காலைத் திரும்ப எடுக்கலாம் என்ற தைரியத்தைக் கொடுங்கள், அவர்கள் போகாத இடத்துக்கும் போவார்கள். இட்லி விஷயத்தில் மட்டும் நான் இன்னும் தேறவில்லை.