மூன்று காட்ட வேண்டிய இடத்தில்

திரையில் 2.8 என்று வந்தது. வர வேண்டியது 3.

எங்கள் ஆய்வகத்து நுண்ணோக்கியில் லென்ஸ் கிடையாது. கண்ணுக்கே தெரியாத ஊசிமுனை ஒன்று பொருளைத் தடவித் தடவி அதன் மேடுபள்ளத்தைப் படமாக்கும். பொருளை நகர்த்துவது ஒரு பீங்கான் குழாய். மின்சாரம் கொடுத்தால் துளியூண்டு நீளும். எத்தனை வோல்ட்டுக்கு எவ்வளவு என்று கணினிக்குச் சொல்லிவைப்பது என் வேலை. அதற்கென்றே மூன்று மைக்ரானுக்கு ஒரு கோடு போட்ட சில்லு இருக்கிறது.

சும்மா கிடந்தால் அந்தக் குழாய் சோம்பிவிடும், நீள வேண்டிய அளவு நீளாது. ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். மூன்று வாரம் முன்பு ஏ.சி. ரிப்பேர், பத்து நாள் இயந்திரம் மூடிக்கிடந்தது. மெக்கானிக் கிளம்பியபோது மணி நாலு. எனக்கோ அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் வீட்டுக்குப் போக சாத்தம் துறையில் ஐந்து மணி போட். கால் மணி நேரம் ஓட்டினேன், அளந்தேன், சோம்பிக்கிடந்த குழாயின் எண்ணையே கணினியில் போட்டுவிட்டு ஓடினேன். லாக் புக்கில் ‘ஓடவிட்டது: ஒரு மணி நேரம்’ என்று காலையிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அக்கரையிலிருந்து வருகிற நாங்கள் எல்லோருமே அப்படித்தான். போட்டுக்கு ஓடும்போது யார் பேனா தேடுவது?

அதற்குப் பிறகு அதில் அளந்தவள் ஒருத்திதான், கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஆராய்ச்சி மாணவி. முத்துச்சிப்பிக்குள் பளபளக்கும் அடுக்குகளின் கனத்தை அளந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கிறாள்.

பயந்து செத்தேன். என்னுடையது வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற வேலை. கடல் தாண்டி மெயின்லேண்டில் இந்த இடத்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. சரியான எண்ணைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது, புத்தகம் என் பக்கம். அதை நினைத்தபோதுதான் இன்னும் பயமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்.

அவள் கதவைத் திறந்தாள். "அக்கா, ஒரே ஒரு படம் பாக்கி. அவ்வளவுதான்."

"உக்காரும்மா," என்றேன். சொல்லிவிட்டேன். கால் மணி நேரம்தான் ஓட்டினேன், எல்லா அளவும் குறைத்துக் காட்டுகிறது, புத்தகத்தில் இருப்பது பொய்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"எல்லாம் மெலிசா வந்துச்சு. சாம்பிளைக் கெடுத்துட்டேன்னு கைடு சார் காய்ச்சி எடுத்தாரு. எனக்கு மெஷின் மேலதான் டவுட் அக்கா. புக்கைப் பார்த்தேன், உங்க கையெழுத்து இருந்துச்சு. அதனால சிப்பியெல்லாம் கடல்ல கொட்டிட்டேன். புதுசு வாங்கி அளந்தேன், அதுவும் மெலிசு. அப்போ இதான் நிஜம்னு எழுதிட்டேன்."

பழைய வரியை அடித்து, பக்கத்தில் ‘பதினைந்து நிமிடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளோடு சாரின் அறைக்கு நடந்தேன். மணி நாலரை. போட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.