அன்னப் படகும் நாற்பது தேயிலைச் செடியும்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். பூங்கா வாசலைத் தாண்டியதும் நான் முதலில் பார்த்தது குளத்தில் மிதந்த மூன்று வெள்ளை அன்னங்களை. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. காலால் மிதித்தால் நகரும். ஒன்றுக்கு அலகு உடைந்து சிவப்பு நாடாவால் சுற்றியிருந்தார்கள். அது கிடைத்தாலும் பரவாயில்லை என்று அப்போதே மனதைத் தயார்படுத்திக்கொண்டேன்.

எனக்குப் பத்து வயது. புலமைப் பரிசில் பரீட்சை எழுதி முடித்தால் படகில் ஏற்றுவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். பாஸா பெயிலா என்பது நிபந்தனையில் இல்லை. பரீட்சை முடிந்து ஐந்து வாரங்கள் கழித்து, அம்மா, சித்தி, அத்தை மூவருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக அமைந்தது. லுணுகலைக்கு மேலே, அவர்கள் மூவரும் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்கு வந்திருந்தோம். திரும்பும் பஸ் ஒன்றேகாலுக்கு. அதை விட்டால் மாலை வரை இல்லை.

பதுளை பெருத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மேட்டுக் காணிகளில் மாடி வீடுகள் எழும்பின. ஊர் ஓரத்தில் சதுப்பாகக் கிடந்த நிலத்தைக் குளமாக வெட்டி, சுற்றிலும் சிமெந்துப் பாதை போட்டு, நகரத்தவர்கள் காற்று வாங்க ஒரு பூங்கா திறந்திருந்தார்கள். பாதையில் வெள்ளைச் சப்பாத்து போட்ட ஆண்களும் பெண்களும் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். அத்தை நின்று பார்த்தாள்.

“இவங்கள்லாம் எங்க இம்புட்டு அவசரமாப் போறாங்க?”

“எங்கயும் போகல. சும்மா சுத்திச் சுத்தி நடக்குறாங்க. ஒடம்பு எளைக்க,” என்றாள் சித்தி.

“நம்ம மலைக்கு வரச் சொல்லு. ஒரே வாரத்துல எளைச்சிரும்.”

படகுக்காரர் எனக்குப் பதினேழு என்று எழுதிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைக் கொடுத்தார். அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஆறு. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களோடு பெரியவர் ஒருவர் ஏற வேண்டும் என்றார். என்னிடம் மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். நான் கவலைப்படவில்லை. அதுதான் தவறு.

குளத்தங்கரையில் மரநிழலில் பெஞ்சு இருந்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். நாலு நிமிடம்கூட இருக்காது. அம்மா காலை மாற்றி மாற்றிப் போட்டாள். அத்தை எழுந்து நின்றாள். ஞாயிறு காலையில் வெறுமனே உட்கார்ந்திருக்க அவர்கள் மூவருக்கும் தெரியாது என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். “அங்க என்னமோ செல மாதிரி இருக்கு, பாத்துட்டு வந்துருவோம்,” என்று சித்தி கிளப்பினாள்.

சரிவு ஒன்றில் நாற்பது தேயிலைச் செடிகள் நட்டிருந்தார்கள். நடுவில் சிமெந்தில் செய்த ஒரு பெண். முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு, ஒரு கை செடிக்கு மேலே அந்தரத்தில். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக வைத்தது. கூடையின் கயிறு தலையில் இல்லாமல் தோளில் கிடந்தது.

“இப்படி மாட்டிக்கிட்டு ஏறினா மத்தியானத்துக்குள்ள தோள்பட்ட கழண்டுரும்,” என்றாள் அத்தை.

“அவ எங்க ஏறப்போறா? ஒரு கொழுந்து பறிக்கவே கைய நீட்டிக்கிட்டு வருசக் கணக்கா நிக்கிறா. நம்ம கங்காணிகிட்ட விட்டா தெரியும்,” என்றாள் சித்தி.

அம்மா சிலையைப் பார்க்கவில்லை. செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நட்டவர்கள் நட்டதோடு சரி. கவாத்து வெட்டவும் இல்லை, பறிக்கவும் இல்லை. கொழுந்து முற்றிக் கம்பாகி, ஆள் உயரத்துக்குப் போகப் பார்த்தது. கிழிந்த சட்டையும் பரட்டைத் தலையுமாக வந்து நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல அம்மா பார்த்தாள்.

“அடப்பாவமே, இப்படியா விடுவாங்க?”

கை போனது. முற்றியதை ஒடித்துக் கீழே போட்டாள். இளசைக் கிள்ளி முந்தானையில் போட்டாள். பிறகு அத்தையின் கையும் போனது. சித்தி ஒரு நிமிடம் சிரித்துவிட்டு அடுத்த நிரையைப் பிடித்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் பதினெட்டுச் செடிகள் மட்டமாக, மேசை விரிப்புப் போல நின்றன.

பத்து இருபத்தைந்துக்கு விசில் சத்தம் கேட்டது. தொப்பி போட்ட வயதான முஸ்லிம் காவலாளி மேலே ஏறி ஓடி வந்தார்.

“என்ன வேல இது? ஒண்டும் பறிக்கக் கூடாதெண்டு வாசல்ல போர்டு போட்டிருக்கே, காணல்லியா?”

“பூவப் பறிக்கக் கூடாதுன்னுதான் படம் போட்டிருக்கு. கொழுந்துப் படம் போடலீங்களே,” என்றாள் அத்தை.

“வாய் பேசாதீங்க உம்மா. ஐயா வரட்டும்.”

அம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “தெரியாமச் செஞ்சிட்டோங்க,” என்றாள். அந்த நேரத்தில் கீழே படகுக்காரர் பதினேழு என்று கூப்பிட்டார். நான் ஓடினேன். “பெரியாள் எங்க?” என்றார். மேலே காட்டினேன். காவலாளிக்கு முன்னால் மூவரும் கைகட்டி நின்றார்கள். “சரி, அடுத்த சுத்துல பாப்போம்,” என்று பதினெட்டைக் கூப்பிட்டார்.

பூங்காவின் அதிகாரி சிங்களவர். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். வந்தவர் திட்டவில்லை. செடிகளைச் சுற்றி நடந்தார். பறித்த பாதி வெட்டிச் சீவிய தலை மாதிரியும், பறிக்காத பாதி பேய் பிடித்த தலை மாதிரியும் இருந்தது. பின்னேரம் யாரோ பெரியவர்கள் பார்க்க வருகிறார்களாம். அவர் அம்மாவிடம் திரும்பினார்.

“அம்மா, மிச்சமும் செய்ய முடியுமா? ப்ளீஸ்.”

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை சித்தியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மூவரும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்கள்.

பதினொன்று பத்துக்குப் படகுக்காரர் என்னை இரண்டாவது முறை கூப்பிட்டார். சரிவு ஏறி ஓடினேன்.

“இந்த நெரைய முடிச்சிட்டு வாறேன், பாப்பா.”

“ஒரு நாளாவது பறிக்காம இருக்க முடியாதாம்மா?”

“இது என்ன வேலையா? யாரு நிறுக்கப் போறா?” என்று சித்தி சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அத்தை அந்த அதிகாரியைப் போலவே கழுத்தைச் சாய்த்து, “அம்மா, ப்ளீஸ்,” என்றாள். மூவரும் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. செடிக்கு நடுவில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, ஆனால் அன்று அது என் கவனத்தில் ஏறவில்லை. கவனம் முழுவதும் குளத்தில் இருந்தது.

பதினொன்று நாற்பத்தைந்து. மூன்றாவது அழைப்பு. இந்த முறை சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் வெள்ளைச் சப்பாத்துக் குடும்பம் ஒன்று மறித்தது. சித்தியைச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். சித்தி மறுபடி மேலே ஏறினாள். கையை இப்படி வை, அப்படிச் சிரி என்றார்கள். பிள்ளைகளோடு ஒன்று, பிள்ளைகள் இல்லாமல் ஒன்று, கூடையைத் தொட்டபடி ஒன்று. பன்னிரண்டு மணிக்குப் படகுக்காரர் மூன்று அன்னங்களையும் கயிற்றால் கட்டிவிட்டு, இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம் என்று தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். என் பதினேழையும்.

அதிகாரி மூவருக்கும் தேநீர் வரவழைத்தார். நாற்பது செடியும் ஒரே மட்டத்தில் நின்றன. கொழுந்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நீங்களே கொண்டுபோங்கள் என்றார். அம்மா தயங்கினாள். ஆனால் கண்ணெதிரே வாட விடவும் மனம் வரவில்லை. கொண்டுவந்த சோற்றுப் பார்சல்களை அங்கேயே சாப்பிட்டு முடித்து, காலியான பையில் கொழுந்தை அமுக்காமல் நிரப்பினாள். “சட்டியில வறுத்துப் பாப்போம்க்கா. நம்ம கைத் தேத்தண்ணி எப்படி இருக்குன்னு ஒரு நா குடிச்சிப் பாக்க வேணாமா?” என்றாள் சித்தி.

பஸ்ஸில் பை என் மடியில் இருந்தது. அன்னத்தில் போக வந்தவள் தழையைச் சுமந்துகொண்டு போனேன். வழி முழுவதும் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன். அதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. படகைப் பற்றி அம்மா ஒரு முறைதான் பேசினாள். அடுத்த தடவை என்றாள். அது எப்போது என்று நான் கேட்டதற்கு, பையை அமுக்காமல் பிடி என்றாள்.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால், பாலத்தடியில், அம்மா மணியை அடித்தாள். அத்தையும் சித்தியும் ஒன்றும் கேட்காமல் இறங்கினார்கள். நான் மட்டும்தான் கேட்டேன்.

“ஏம்மா இங்க எறங்குறோம்?”

“பச்சக் கொழுந்த வச்சிக்கிட்டு தோட்டத்துக் கேட்டுக்குள்ள போகச் சொல்றியா?”

“பூங்கால குடுத்தாங்கன்னு சொல்லுங்க.”

“சொன்னா? கொழுந்துல ஊரு பேரு எழுதியிருக்கா? நம்ம மலையில களவாப் பறிச்சி வெளிய விக்கப் போறோம்னுதான் சொல்லுவாங்க. பேரு போயிரும். வேலையும் போயிரும்.”

“அந்த ஐயாகிட்ட ஒரு கடுதாசி வாங்கியிருக்கலாம்க்கா,” என்றாள் சித்தி. சிரிப்பெல்லாம் போயிருந்தது.

அம்மா பாலத்துக்குக் கீழே இறங்கி ஓடையில் பையைக் கவிழ்த்தாள். பச்சையாக ஒரு பெரிய திட்டு மிதந்து, கல்லில் மோதி, பிரிந்து போனது. நான் கத்தினேன். இதற்காகவா என் படகை விட்டோம், கொட்டுவதற்காகவா மூன்று பேரும் இரண்டு மணி நேரம் பறித்தீர்கள் என்றெல்லாம் கத்தினேன். வழக்கமாக இதில் பாதிக்கே முதுகில் ஒன்று விழும். அன்று அம்மா அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நாள் தவறாமல் கொழுந்து பறிக்கிற மூன்று பேர் ஒரு பைக் கொழுந்துக்கு ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வேண்டுமென்றே என் நாளைக் கெடுத்தார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா பையை உள்புறம் வெளியாகப் புரட்டி உதறினாள். தையலில் ஒட்டியிருந்த ஒரு இலையையும் நகத்தால் எடுத்துத் தண்ணீரில் விட்டாள். இலை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அத்தை அம்மாவின் முந்தானையையும், சித்தி அத்தையின் கொண்டையையும் பார்த்தார்கள்.

மிச்சத் தூரத்தை நடந்தோம்.

அன்று தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு நின்றவர் என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பதுளை எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டார். பிறகு அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கி, திறந்து உள்ளே பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்.