கொலுப்படியில் ஒரு பன்றிப் பண்ணை

இன்று எங்கள் வீட்டுக் கொலுவில் என் பன்றிப் பண்ணைக்கு இடம் கிடைத்துவிட்டது.

என் பிறந்தநாளுக்கு மகள் அனுப்பிய விளையாட்டுக் கட்டைகளைப் பொருத்திச் செய்தது அது. இட்லித் தட்டுக் குழிகளில் நிறவாரியாகப் பிரித்துவைத்து, ஒரு வாரமாகப் பொருத்தினேன். சரியாக வந்ததா என்ற சந்தேகத்தில் கொட்டகைச் சுவரை இரண்டு முறை கலைத்துக் கட்டினேன். கடைசியில் வேலி, தண்ணீர்த் தொட்டி, குட்டிகளோடு ஒரு தாய்ப்பன்றி என்று பண்ணை எழுந்து நின்றது.

காலையில் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“கொலுவிலயா? பன்னியையா? நாலு பேரு வாற வீடாக்கும் இது.”

பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்த கொழுந்தியாள் சிரித்தாள். “ரிட்டயர் ஆன பொறவு அத்தான் பன்னி மேய்க்கப் போயாச்சு போல!”

வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுந்து போய்விடுவேன். இன்று என்னவோ நின்றேன். மேல்படியைக் கை காட்டினேன்.

“மேல்படியில தசாவதாரம் இருக்குல்லா? அதுல மூணாவதா நிக்கது யாராக்கும்?”

கொழுந்தியாள் மச்சம், கூர்மம் என்று விரல்விட்டு எண்ணி, வராகத்தில் நின்றாள். “எக்கா, பெருமாளே பன்னியா வந்தவருல்லா! அத்தானுக்கு இனி என்ன பதில் சொல்லுவ?”

மனைவி செட்டியாரைச் சற்றுத் தள்ளிவிட்டு, பண்ணையைத் தன் கையாலேயே எடுத்து வைத்தாள்.

மாலையில் எங்கள் பூதப்பாண்டித் தெருவிலிருந்து சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லோரும் குனிந்து படமெடுத்தது பண்ணையைத்தான்.

திருமணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் வாக்குவாதம் இது. நாளைக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்கூட்டுக்கும் இடம் கேட்கலாமா, இல்லை ஜெயித்ததோடு நிறுத்திக்கொள்வதே நல்லதா? கல்யாணமானவர்கள் மட்டும் சொல்லுங்கள்.