ஆறரை அடி எதிரி

ஊரார் பாண்டு வாத்தியத்தோடு ரயிலேற்றி அனுப்பிய அந்த மே மாதச் சனிக்கிழமையன்றும் ஹைரம் ஸ்ட்ரௌட் இரண்டு பேருக்குச் சவரம் செய்துவிட்டுத்தான் கிளம்பினார். வேலை செய்யும்போது மார்பில் வீரப் பதக்கம் ஆடும். நுரை பூசிச் சாய்ந்திருப்பவரிடம் அதை வாங்கிய கதையைச் சொல்வது வழக்கம். தொண்டையருகே கத்தி இருக்கும்போது யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

"ஆறரை அடிய்யா அந்தத் தெற்கத்தியான்! கொடிக்கம்பத்தை இப்படிப் பிடிச்சேன் பாரு..." கத்தி மேலே போகும். வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொள்வார்.

லாடம் அடிக்கும் ஏமஸ், முகம் துடைத்து வாசலைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "போன வருஷம் ஆறடிதானே, சார்ஜன்ட்? இன்னும் வளர்றானா?"

அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் முடிந்து முப்பது வருஷமாகிறது. வர்ஜீனியாவின் பைன் காட்டில், குண்டு மழைக்குள் ஓடி ஹைரம் எதிரியின் கொடியைப் பறித்துப் பதக்கம் வாங்கியது நிஜம். ஆனால் அதைப் பிடித்திருந்தவன், குள்ளமான ஹைரமை விடவும் குள்ளமான நோஞ்சான் பையன். முள்புதரில் சட்டை மாட்டிக்கொண்டு தவித்தவன். இது மனைவி லவினாவுக்கு மட்டும் தெரியும். இப்போது இரு தரப்பு வீரர்களும் ஜார்ஜியாவில் கூடுகிறார்கள். கொடியைப் பறிகொடுத்த அந்தப் பையன் பர்ரல் டேட்டும் வருகிறானாம். அவனோடு கைகுலுக்கத்தான் ஓஹாயோவிலிருந்து இந்தப் பயணம்.

"பேசாம ஊர்க்காரங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் லவினா, ரயிலடியில்.

"முப்பது வருஷமா வளர்த்த ஆளை ஒரே நாள்ல குள்ளமாக்கச் சொல்றியா? அப்புறம் இந்த ஊர்ல நான் எப்படித் தலைகாட்டுறது?"

குண்டுக்கு அஞ்சாத வீரர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார். மைத்துனி வீட்டில் ஒரு வாரம் உருளைக்கிழங்கு உரித்தார். பிறகு ஊர் திரும்பினார்.

"என்ன சார்ஜன்ட், ராட்சசனைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? கட்டிப்பிடிச்சு அழுதோம். பாவம், குனிஞ்சுதான் கட்டிப்பிடிச்சான்."

அடுத்த பிப்ரவரியில் ஜார்ஜியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லவினா உரக்கப் படித்தாள்:

"ஐயா, தாங்கள் வருவதாகக் கேள்விப்பட்டதும் பயந்துபோய் மகள் வீட்டில் ஒளிந்துகொண்டேன். மன்னிக்கவும். என்னிடமிருந்து கொடியைப் பிடுங்கியவர் ஏழடி உயரம் என்று இங்கே வெகு காலமாகச் சொல்லி வருகிறேன். நாம் சந்தித்துக் கட்டிப்பிடித்து அழுததாகவும் சொல்லிவிட்டேன். யாராவது எழுதிக் கேட்டால் என் மானத்தைக் காப்பாற்றவும். இப்படிக்கு, பர்ரல் டேட்."

லவினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஹைரம் மெல்லக் குதிகால்களை உயர்த்தினார்.